பங்கீட்டு அரிசியிலிருந்து உலகச் சந்தைக்கு: வியட்நாம் வளர்ந்த கதை

ஹனோய் நகரத்தில் அறுபது வயதைக் கடந்த எவரையேனும் அணுகி, "இளமையில் உங்கள் வாழ்க்கை எவ்வாறிருந்தது?" என்று வினவினால், அவர் ஒரு செங்கல்லைப் பற்றிச் சொல்லக்கூடும். 1976 முதல் 1986 வரையான பத்தாண்டுகளில் அந்நாட்டிலே அரிசி, இறைச்சி, சீனி, மண்ணெண்ணெய், துணி ஆகிய யாவும் அரசாங்கக் கடைகளில் கூப்பனுக்கே கிடைத்தன. விடியுமுன்னரே கடை வாசலில் வரிசை தொடங்கிவிடும். அடுப்பைக் கவனிக்க வேண்டிய தாயும், பாடசாலைக்குச் செல்ல வேண்டிய பிள்ளையும் எவ்வளவு நேரந்தான் கால்கடுக்க நிற்க முடியும்? ஆதலால் ஒரு செங்கல்லையோ, அறுந்த செருப்பையோ தமக்குரிய இடத்தில் வைத்துவிட்டுத் தம் அலுவலைப் பார்க்கச் செல்வர். செங்கல் அவர்களுக்காக வரிசையில் நிற்கும். மாலையில் முறை வந்தபோது கடையில் அரிசி முடிந்துபோயிருப்பதும் உண்டு.

அந்த நாடுதான் 2024 ஆம் ஆண்டில் 40,500 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான பொருள்களைப் பிற நாடுகளுக்கு விற்றது. உலக மக்கள் கையிற் கொண்டு திரியும் தொலைபேசியும், காலில் அணியும் ஓட்டச் சப்பாத்தும், காலையில் அருந்தும் கோப்பியும், உணவிலே தூவும் மிளகும் அங்கிருந்து கப்பலேறுகின்றன. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? அதற்காக விலை கொடுத்தவர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு கூடைகளும் ஒரு தண்டும்

வியட்நாமின் நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 1,650 கிலோமீற்றர் நீண்டு, நடுவிலே ஓரிடத்தில் 50 கிலோமீற்றரளவிற்கு ஒடுங்கிக் கிடக்கும் நாடு அது. வடக்கே செந்நதியின் கழிமுகம். தெற்கே மேகொங் நதியின் கழிமுகம். இரண்டும் நெல் விளையும் வண்டல் பூமி. இவற்றை இணைத்து நிற்பது மலையும் மணலுமான நீண்ட கரையோரம். தோளிற் சுமக்கும் மூங்கிற் காவுதடியின் இரு முனையிலும் தொங்கும் அரிசிக் கூடைகளுக்குத் தம் நாட்டை அம்மக்கள் ஒப்பிடுவர். அவ்வுவமை வெறும் அழகுக்காகச் சொன்னதன்று. தடியின் நடுப்பகுதியில் வாழ்வோர் புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஈடு கொடுத்துக்கொண்டே வாழ்ந்து வந்திருக்கின்றனர்.

நாட்டின் பரப்பு ஏறத்தாழ 3,31,000 சதுர கிலோமீற்றர். 2023 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மக்கள் தொகை 10 கோடியைத் தாண்டியது. 2024 இல் நாட்டின் மொத்த உற்பத்தி 47,600 கோடி டொலராகவும், தலா வருமானம் ஏறத்தாழ 4,700 டொலராகவும் மதிப்பிடப்பட்டன. அவ்வாண்டு வளர்ச்சி நூற்றுக்கு 7.09 வீதம். கொள்ளை நோயால் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் வளர்ச்சி மூன்று வீதத்துக்குக் கீழே இறங்கியது. அப்போதும் பொருளாதாரம் சுருங்கவில்லை. 2022 இல் அது 8.02 வீதமாக நிமிர்ந்தெழுந்தது.

தமிழருக்கும் அந்நாட்டுக்கும் பழைய தொடர்பொன்று உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் சைகோன் நகரிலே வட்டிக்கடை நடத்தி, மேகொங் கழிமுகத்து நெல் நிலக்காரருக்குக் கடன் கொடுத்து வந்தனர். இன்று ஹோ சி மின் நகர் என வழங்கும் அப்பட்டினத்தின் நடுவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கின்றது. தமிழர் பெரும்பாலும் போய்விட்டனர்; ஊதுவத்தி ஏற்றி அம்மனை வணங்குவோர் இப்போது பெரும்பாலும் வியட்நாம் மக்களே.

போர் விட்டுச் சென்றவை

1945 ஆம் ஆண்டின் பெரும் பஞ்சத்தில் வடக்கே இலட்சக் கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டு செப்ரெம்பர் 2 ஆம் நாள் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் செய்தார். பிரெஞ்சுக்காரருடன் ஒன்பதாண்டுப் போர். 1954 இல் தியன் பியன் பூ வெற்றி. அதனை அடுத்து நாடு இரண்டாகப் பிரிதல். பின்னர் அமெரிக்காவுடன் நெடும் போர். 1975 ஏப்பிரல் 30 இல் சைகோன் வீழ்ந்தது. மறு ஆண்டு நாடு ஒன்றாயிற்று.

போர் முடிந்தது, ஆனால் அமைதி வரவில்லை. 1978 இன் இறுதியில் வியட்நாம் படை கம்போடியாவுக்குட் புகுந்து பத்தாண்டுகள் அங்கே தங்கியது. 1979 இல் சீனப்படை வடக்கெல்லையைத் தாக்கியது. அமெரிக்காவின் வர்த்தகத் தடையோ 1994 வரை நீடித்தது. குண்டுகளாற் குழிபட்ட வயலும், இடிந்த பாலமும், வெடிக்காமற் புதைந்து கிடக்கும் வெடியும் இருந்த நாட்டில், தெற்கேயும் கூட்டுப் பண்ணை முறையைப் புகுத்தவும், தனியார் வணிகத்தை ஒழிக்கவும் அரசாங்கம் முனைந்தது. இலட்சக் கணக்கான மக்கள் ஓடங்களில் ஏறிக் கடலிற் போயினர். போனவர்களிற் பலர் கடலோடு மாண்டனர்.

1985 செப்ரெம்பரில் பழைய பத்து டொங் நாணயத்துக்குப் புதிய ஒரு டொங் என்று பணம் மாற்றப்பட்டது. விலையை அடக்க எண்ணிச் செய்த காரியம் விலையைக் கட்டவிழ்த்து விட்டது. 1986 இல் விலைவாசி ஓராண்டுக்குள் நூற்றுக்கு 770 வீதத்துக்கு மேல் உயர்ந்தது. சம்பளம் வாங்கியவர் அதனை அன்றே பொருளாக மாற்றாவிடின், மாத முடிவில் அது கடதாசியாகிவிடும். ஆசிரியர்கள் வீட்டு முற்றத்தில் பன்றி வளர்த்துச் சம்பளக் குறையை ஈடு செய்தனர். அடுக்குமாடி வீடுகளின் குளியலறையிலே பன்றி வளர்த்தோரும் ஹனோயில் உண்டு.

ஒரு மாகாணச் செயலாளரின் துணிவு

நல்ல வண்டல் நிலமும், உழைப்புக்கு அஞ்சாத மக்களும் இருந்தும் அரிசிக்கு ஏன் பஞ்சம் வந்தது? இவ்வினாவை முதலிற் கேட்டவர்களுள் ஒருவர் கிம் நொக் என்பவர். வடக்கே வின் பூக் மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளராயிருந்தவர் அவர்.

கூட்டுப் பண்ணைகளில் மணி அடித்ததும் யாவரும் வயலுக்குச் செல்வர். நாளொன்றுக்கு இத்தனை புள்ளி என்று கணக்கெழுதப்படும். நன்றாக நட்டவனுக்கும் நடுவதுபோற் பாவனை செய்தவனுக்கும் புள்ளி ஒன்றே. அறுவடையின் பின், அரசாங்கத்துக்குரிய பங்கு நீங்கலாக எஞ்சிய நெல் புள்ளிப்படி பங்கிடப்படும். அதே கமக்காரருக்குக் குடும்பத் தேவைக்கென ஒதுக்கப்பட்ட சிறு துண்டு நிலம், நூற்றுக்கு ஐந்து பங்கு நிலம், மட்டும் செழித்துக் கிடந்தது. ஒரே மண், ஒரே மழை, ஒரே கை. விளைச்சலிலோ மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை.

இதனைக் கண்ட கிம் நொக், 1966 செப்ரெம்பரில் தம் மாகாணத்தில் 68 ஆம் இலக்கத் தீர்மானத்தை வெளியிடச் செய்தார். நிலம் கூட்டுறவுக்கே உரியது. ஆயினும் வயல் வேலை குழுக்களிடமும் குடும்பங்களிடமும் குத்தகை போல ஒப்படைக்கப்படும். குறித்த அளவுக்கு மேல் விளைவது உழைத்தவனுக்கு. இதுவே அதன் சாரம். விளைச்சல் கூடியது. ஆனால் கட்சித் தலைமை இதனைத் தனியுடைமைக்குத் திரும்பும் பாதை என்று கண்டது. 1968 இல் அவர் வன்மையாகக் கண்டிக்கப்பட்டார்; தம் பிழையைத் தாமே எழுதி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1979 இல் அவர் காலமானார்.

அவர் மறைந்து இரண்டாண்டு கழியுமுன், 1981 சனவரியில், மத்திய கட்சியே ஏறத்தாழ அவர் சொன்னதைத் தழுவி ஓர் ஆணை பிறப்பித்தது. உயிரோடிருந்தபோது குற்றவாளி போல் நின்றவருக்கு, இறந்த பின் அரசாங்கம் உயர் விருதுகளை வழங்கியது. உண்மையை உரிய காலத்துக்கு முன்னே கண்டவர் பெரும்பாலும் இவ்வாறே கௌரவிக்கப்படுகின்றனர் போலும்.

புதுப்பித்தல்

1986 டிசம்பரில் கூடிய கட்சியின் ஆறாவது பேராயம், பட்ட தவறுகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, 'டோய் மோய்' என்னும் கொள்கையை ஏற்றது. புதுப்பித்தல் என்பது அதன் பொருள். புதிய பொதுச் செயலாளராக நுயென் வான் லின் தெரிவானார். கட்சியின் ஏகபோக ஆட்சியில் மாற்றமில்லை; மாறியது பொருளாதாரத்தை நடத்தும் முறை.

முதலில் வெளிநாட்டு மூலதனத்துக்குக் கதவு திறக்கப்பட்டது. 1987 டிசம்பரில் அதற்கான சட்டம் நிறைவேறியது. அடுத்ததும் முக்கியமானதும் வயல். 1988 முற்பகுதியில் வட மாகாணங்கள் பலவற்றில் மக்கள் பசியால் வாடிக்கொண்டிருந்தனர். அவ்வாண்டு ஏப்பிரலில் வெளிவந்த பத்தாம் தீர்மானம், கூட்டுப் பண்ணைக்குப் பதிலாகக் குடும்பத்தையே விவசாயத்தின் அடிப்படை அலகாக ஆக்கியது. நிலம் நீண்ட காலத்துக்குக் குடும்பத்தின் கையில் வந்தது. விளைந்த நெல்லைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையும் வந்தது. 1993 ஆம் ஆண்டு நிலச் சட்டம், நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை ஈடு வைக்கவும், மாற்றவும், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் இடமளித்தது. நிலம் 'முழு மக்களுக்கும் உரியது' என்னும் வாசகம் மட்டும் சட்டப் புத்தகத்தில் அப்படியே நிலைத்தது.

பலன் கைமேற் கிடைத்தது. 1988 வரை அரிசி இறக்குமதி செய்த நாடு, 1989 இல் ஏறத்தாழ 14 இலட்சம் தொன் அரிசியை ஏற்றுமதி செய்தது. புதிய விதையோ, புதிய இயந்திரமோ, புதிய அணைக்கட்டோ ஓராண்டில் வந்துவிடவில்லை. மாறியது ஒன்றே: விளைந்தது எவனுக்கு என்ற கேள்விக்குரிய விடை. 2024 இல் வியட்நாமின் அரிசி ஏற்றுமதி 90 இலட்சம் தொன்னளவை எட்டியது.

1989 இல் மற்றொரு காரியமும் நடந்தது. பெரும்பாலான பொருள்களுக்கு அரசாங்க விலை, சந்தை விலை என்றிருந்த இரட்டை விலை நீக்கப்பட்டது. வங்கிச் சேமிப்புக்குப் பணவீக்கத்தைவிடக் கூடிய வட்டி கொடுக்கப்பட்டது. பதுக்கியவர்கள் பொருளை வெளியே கொண்டுவந்தனர். பணத்தைக் கண்டு அஞ்சியவர்கள் அதனை வங்கியிற் போட்டனர். கூப்பன் காலம் முடிந்தது. சோவியத் உதவி 1991 உடன் அற்றுப்போன போதிலும் நாடு தள்ளாடி விழாமல் நின்றதற்கு இச்சீர்திருத்தங்களே காரணம் எனலாம்.

ஒரு கைத்தொலைபேசி சொல்லும் பாடம்

அதன்பின் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. 1995 யூலையில் அமெரிக்காவுடன் இராசதந்திர உறவும் ஆசியான் உறுப்புரிமையும். 2001 இல் அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வருதல். 2007 சனவரியில் உலக வர்த்தக நிறுவனத்தில் அங்கத்துவம். 2020 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்துடன் தடையற்ற வர்த்தகம். நேற்றுவரை போரிட்ட நாடுகளுடன் இன்று வியாபாரம் பேசத் தயங்காத மனப்பான்மை இங்கே கவனிக்கத்தக்கது.

தென் கொரியாவின் சாம்சுங் நிறுவனம் ஹனோய்க்கு அருகே பாக் நின் மாகாணத்தில் 2009 இல் கைத்தொலைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் தாய் நுயென் மாகாணத்திலும் பெரிய தொழிற்சாலையை அமைத்தது. அந்நிறுவனம் உலகெங்கும் விற்கும் தொலைபேசிகளில் ஏறத்தாழப் பாதி இங்கே உருவாகின்றது. அது இந்நாட்டில் இட்ட முதல் 2,000 கோடி டொலருக்கு மேற்பட்டது. அமெரிக்காவின் இன்ரெல் நிறுவனம் 2010 இல் ஹோ சி மின் நகரில் நுண்சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் ஆலையைத் திறந்தது. நைக்கி சப்பாத்துகளில் இரண்டுக்கு ஒன்று வியட்நாமிலே தைக்கப்படுகின்றது.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைக் கூர்ந்து நோக்க வேண்டும். தொலைபேசி 'வியட்நாமில் செய்யப்பட்டது' என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் அதன் திரையும், நினைவகமும், பிற நுண்ணுறுப்புகளும் பெரும்பாலும் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகின்றன. வியட்நாம் பெண்ணின் விரல்கள் அவற்றைப் பொருத்துகின்றன. எனவே ஏற்றுமதி விலை நூறு டொலர் என்றால், நாட்டிலே தங்குவது அதன் ஒரு பங்குதான். 2024 இல் ஏற்றுமதி 40,500 கோடி டொலர் என்றோம். இறக்குமதியும் 38,000 கோடி டொலர். அவ்வேற்றுமதியில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வெளிநாட்டு மூலதனம் கொண்ட தொழிற்சாலைகளின் கணக்கிற் சேர்ந்தது. வீடு பெரிதாய் இருக்கின்றது. ஆனால் அறைகளிற் பலவற்றுக்குத் திறப்பு வாடகைக்காரரிடம் உள்ளது.

இதனால் இவ்வழி பிழையென்று கொள்ளலாகாது. 1980 களில் உழைப்போரிற் பத்துக்கு ஏழு பேர் வயலை நம்பியிருந்தனர். 2024 இல் நாலிலொரு பங்கினரே விவசாயத்தில் இருந்தனர். வயலில் மிகுந்திருந்த கைகளுக்குத் தொழிற்சாலை வேலை கொடுத்தது. மூங்கிற்காடுகளினூடே சைக்கிளிற் சென்ற நாட்டில் இன்று ஏழு கோடிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் பதிவாகியுள்ளன. 1993 இல் மக்களில் நூற்றுக்கு 58 பேர் வறியோர் எனக் கணக்கிடப்பட்டனர். 2008 இல் அத்தொகை 14.5 ஆகக் குறைந்தது. அதன் பின்னும் இறங்கியது. 1993 இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 32 பேர் முதலாண்டைத் தாண்டாமல் இறந்தனர். 2020 இல் அத்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. பொருளாதார வளர்ச்சி என்பதற்கு இதைவிட மேலான அளவுகோல் எது?

கல்வியையும் சொல்லாமல் விடலாகாது. 2012 இல் பதினைந்து வயது மாணவரிடையே அறுபத்தைந்து நாடுகளிலும் பகுதிகளிலும் நடந்த பீசா பரீட்சையில் வியட்நாம் முதன்முறையாகப் பங்குபற்றிக் கணிதத்தில் 17 ஆம் இடத்தையும் விஞ்ஞானத்தில் 8 ஆம் இடத்தையும் பெற்றது. அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதற்குப் பின்னே நின்றன. வறிய நாடு வறிய கல்வியைத்தான் கொடுக்க முடியும் என்ற எண்ணத்தை அப்பெறுபேறு பொய்யாக்கியது.

கோப்பியும் மிளகும்

பிரெஞ்சுப் பாதிரிமார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்த கோப்பிச் செடி, நெடுங்காலம் சில தோட்டங்களோடு நின்றது. 1980 களின் பின் மத்திய மேட்டுநிலமான டாக் லாக் பகுதியில் இலட்சக் கணக்கானோர் குடியேறிக் கோப்பி நட்டனர். இருபது ஆண்டுக்குள் வியட்நாம், பிரேசிலுக்கு அடுத்த பெரிய கோப்பி நாடாயிற்று. விளைவது பெரும்பாலும் ரொபஸ்ரா என்னும் கடுஞ்சுவை இனம். உடனே கரையும் கோப்பித் தூளுக்கு அதுவே மூலம். மிளகிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உலகின் முதலிடம் அந்நாட்டுக்கே. மிளகுக் கொடி வளர்க்கும் இலங்கைக் கமக்காரர் பெறும் விலையும், அதனால், ஓரளவு அங்குள்ள அறுவடையோடு ஏறியிறங்குகின்றது.

ஆயின் இச்செழிப்புக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. எல்லாரும் நட்டதனால் உலகச் சந்தையிற் கோப்பி மிகுந்து, 2001 அளவில் விலை பாதாளத்துக்கு வீழ்ந்தது. கடன்பட்டு நட்டவர்கள் மரங்களை வெட்டி எறிந்தனர். அந்த மேட்டுநிலத்தில் தொன்று தொட்டு வாழ்ந்த எதே, சராய் முதலிய இனத்தவர், குடியேறியவர்களிடம் நிலத்தையும் காட்டையும் இழந்தனர்; 2001 இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அரசாங்கம் அதனை அடக்கியது. கோப்பிக்கு நீர் இறைத்து இறைத்து நிலத்தடி நீரும் இறங்கியது. 2024 இல் விலை வானளாவ உயர்ந்து, ஏற்றுமதி வருமானம் 500 கோடி டொலரைத் தாண்டியபோது, 2001 இல் வெட்டாமற் பொறுத்திருந்தவர்கள் பயனடைந்தனர். பொறுத்திருக்க வசதியற்றவர் யாவர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

விலை கொடுத்தவர்கள்

வளர்ச்சிப் புள்ளிவிபரத்தின் அடியிலே நிற்பவர்கள் நாட்டுப்புறத்திலிருந்து வந்த இளம் பெண்கள். ஆடை, சப்பாத்து, மின்னணுத் தொழிற்சாலைகளின் உழைப்பாளர் பெரும்பாலும் அவர்களே. சிறு அறையொன்றை இருவர் மூவராய்ப் பகிர்ந்து, சம்பளத்திற் பாதியை ஊருக்கு அனுப்பி, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு வாழ்வோர் பலர்.

2021 ஆம் ஆண்டு இவர்களின் நிலையை உலகுக்குக் காட்டியது. கொள்ளை நோய் ஹோ சி மின் நகரைத் தாக்கியபோது, தொழிற்சாலைகள் நடக்க வேண்டுமாயின் தொழிலாளர் அங்கேயே வேலை செய்து, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்க வேண்டும் என்ற விதி வந்தது. மற்றையோர் மாதக் கணக்காய்ச் சிற்றறைகளில் அடைபட்டனர், வருமானம் நின்றது. அவ்வாண்டு ஒக்ரோபர் தொடக்கத்திற் கட்டுப்பாடு தளர்ந்ததும், பல்லாயிரம் குடும்பங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறி ஊருக்குப் புறப்பட்டன. முன்னே குழந்தை, பின்னே மனைவி, பக்கத்திற் பாத்திர மூட்டை; மழையிலும் இரவிலும் நூற்றுக் கணக்கான மைல். தொழிற்சாலைகள் திறந்தபோது கைகள் இல்லை. நாட்டின் செல்வம் எவருடைய தோளிற் சுமக்கப்படுகின்றது என்பதை அவ்வீதிகள் சொல்லின.

வேறு சுமைகளும் உள. 2023 மே, யூன் மாதங்களில் வடக்கே நீர்த்தேக்கங்கள் வற்றி மின்சாரம் தடைப்பட்டபோது, பாக் நின், பாக் ஜியாங் தொழிற்பேட்டைகள் இருளில் மூழ்கின. அதனால் ஏற்பட்ட நட்டம் 140 கோடி டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. தெற்கே மேகொங் கழிமுகத்துக்கு மேலாற்று அணைகளால் வண்டல் வருவது குறைந்துவிட்டது, ஆற்று மணல் அள்ளப்படுகின்றது, நிலம் தாழ்கின்றது, கடல் உயர்கின்றது. 2016 இலும் 2020 இலும் உப்பு நீர் உள்நாடுவரை ஏறி வயலைக் கருக்கியது. ஏற்றுமதி அரிசியிற் பெரும் பங்கு விளையும் அந்த மண்ணிலிருந்து இளைஞர் வெளியேறிக்கொண்டிருக்கின்றனர். சிலர் உப்பு நீரையே துணையாகக் கொண்டு இறால் வளர்க்கின்றனர்.

ஊழலும் விட்டபாடில்லை. சைகோன் வணிக வங்கியிலிருந்து ஆயிரக் கணக்கான கோடி டொலர் சூறையாடப்பட்ட வழக்கு 2024 இல் நாட்டையே உலுக்கியது. 2022 ஒக்ரோபரில் அவ்வங்கியின் வாசலில் சேமிப்புக்காரர் மீண்டும் வரிசையில் நின்றனர். பழைய வரிசை அரிசிக்காக. இவ்வரிசை தாம் சேமித்த பணத்துக்காக.

பிறந்தோர் தொகையும் குறைந்து வருகின்றது. 2024 இல் ஒரு பெண்ணுக்கு 1.91 பிள்ளை என்ற அளவுக்கு அது இறங்கியதனால், நெடுங்காலம் நிலவிய இரு பிள்ளைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் 2025 யூனில் நீக்கியது. செல்வராகுமுன் முதியவராகிவிடுவோமோ என்பது அறிஞரின் அச்சம்.

ஒரே வாடிக்கைக்காரர்

2024 இல் வியட்நாமின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அமெரிக்காவுக்கே சென்றது. கிராமத்துக் கடைக்காரனுக்கும் தெரிந்த உண்மை ஒன்றுண்டு: ஒரே வாடிக்கைக்காரரை நம்பியவன் அவர் முகத்தைப் பார்த்தே கடை நடத்த வேண்டும். 2025 ஏப்பிரல் 2 ஆம் நாள் அமெரிக்க சனாதிபதி வியட்நாம் பொருள்களுக்கு நூற்றுக்கு 46 வீத வரியை அறிவித்தபோது தொழிற்பேட்டைகள் நடுங்கின. பேச்சுவார்த்தையின் பின், அவ்வாண்டு யூலையில் அது 20 வீதம் என்றும், பிற நாட்டுச் சரக்கு வியட்நாம் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டால் 40 வீதம் என்றும் அறிவிக்கப்பட்டது. பிறர் பொருளைப் பொருத்திக் கொடுக்கும் நாடாக என்றும் இருக்க முடியாது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

தம் சொந்தக் கைத்தொழிலை வளர்க்க வேண்டும் என்ற ஆவலில் பெரிய காரியங்கள் தொடங்கப்பட்டுள்ளன. உக்ரெயினில் உடனடி நூடில்ஸ் விற்றுப் பொருளீட்டிய வியட்நாம் வணிகர் ஒருவர் நிறுவிய குழுமம், இன்று மின்சாரக் கார் செய்கின்றது. அக்கார் நிறுவனம் 2023 இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. எனினும் அது பெரும் நட்டத்தையே கண்டுவந்தது. ஹனோயையும் ஹோ சி மின் நகரையும் இணைக்க 1,541 கிலோமீற்றர் நீளமான விரைவுப் புகையிரதப் பாதைக்கு, 6,700 கோடி டொலர் மதிப்பில், 2024 நவம்பரிற் பாராளுமன்றம் அனுமதி கொடுத்தது. 2025 யூலை 1 முதல் 63 மாகாணங்கள் 34 ஆகச் சுருக்கப்பட்டன. சுதந்திரத்தின் நூறாம் ஆண்டான 2045 இல் உயர் வருமான நாடாவதே அவர்கள் வகுத்துள்ள குறிக்கோள்.

2025 மே மாதத்தில் கட்சியின் அரசியற் குழு தனியார் துறையைப் பற்றி ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. தனியார் முயற்சியே பொருளாதாரத்தின் மிக முக்கியமான உந்து சக்தி என்று அது கூறிற்று. 2030 இல் இருபது இலட்சம் நிறுவனங்கள் இருக்க வேண்டும் என்றும் இலக்கு வகுத்தது. அத்தீர்மானத்தின் இலக்கம் 68. ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கிம் நொக் வெளியிடச் செய்து கண்டனம் பெற்ற தீர்மானத்தின் இலக்கமும் 68. இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமையே. எனினும் அந்நாட்டவர் அதனைக் கவனிக்கத் தவறவில்லை.

ஹனோயிற் பழைய கூப்பன் கடையைப் போல அலங்கரித்த உணவுச்சாலைகள் இப்போது உண்டு. இளைஞர்கள் அங்கே தகரக் கோப்பையிற் பருகி, சுவரிலே தொங்கும் கூப்பன்களைப் படம் பிடிக்கின்றனர். உடன் வந்த பாட்டி அவற்றைப் பார்த்துச் சிரிப்பதில்லை. தட்டிலிருக்கும் சோற்றை ஒரு பருக்கையும் மிஞ்சாமல் உண்டு முடிக்கிறாள். புள்ளிவிபரங்களைப் படிக்கும் மாணவர்கள் அந்தப் பாட்டியையும் மறவாதிருப்பார்களாக. ஒரு நாட்டின் வளர்ச்சி வீதம் என்பது இறுதியில் அவளைப் போன்றோரின் பசி தீர்ந்த கணக்கேயாகும்.